வெறும் அறைக்கு என்ன செலவு?
மந்த காலத்தில் தங்குமிடம் நடத்துவோருக்கு ஒரு கணக்குப் பாடம்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில், வீட்டின் மேல்மாடியில் இரண்டு மூன்று அறைகளைக் கட்டி, காலைச் சாப்பாட்டுடன் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் மெல்ல மெல்லப் பரவி வந்திருக்கிறது. சிலர் இதை கெஸ்ட் ஹவுஸ் என்கிறார்கள். சிலர் ஹோம் ஸ்டே என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் 'பெட் அன்ட் பிரெக்ஃபஸ்ட்' என்பார்கள். பெயர் எதுவானாலும் தொழில் ஒன்றுதான். படுக்கச் சுத்தமான ஓர் அறை, காலையில் வயிறு நிறைய ஒரு சாப்பாடு.

இத்தொழிலில் இறங்கலாமா என்று யோசிக்கும் வர்த்தகர்களும், ஏற்கனவே இறங்கிவிட்டு வருமானம் போதாமல் தடுமாறுகின்றவர்களும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அறை நிரம்பினால் எவ்வளவு கிடைக்கும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறோம். அறை வெறுமையாகக் கிடந்தால் மாதம் எவ்வளவு போகும் என்று எத்தனை பேர் கணக்குப் போடுகிறோம்? நல்ல காலத்தில் முதலாவது கணக்கு போதும். மந்த காலத்தில் ஒரு தங்குமிடம் நிலைப்பதும் மூடுவதும் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டு வகை மந்தம்

மந்தம் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் தங்குமிடத் தொழிலில் அது இரண்டு வகையாக வரும். அண்மைய ஆண்டுகளில் நாம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டோம்.

முதலாவது வகை, ஆட்கள் வராத மந்தம். 2018 இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகளின் தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. அதன் பின் பிரயாணிகள் வருவது அப்படியே விழுந்தது. நம் ஊர்க் கடைத் தெருக்களிலும் வியாபாரம் எவ்வளவு சுருங்கியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதிலிருந்து எழும்புவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக விமான நிலையம் மூடப்பட்டது. 2021 ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு முழுவதிலும் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2018 இல் பன்னிரண்டு பேர் வந்த இடத்துக்கு 2021 இல் ஒருவர் வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, செலவு ஏறும் மந்தம். 2022 இல் பிரயாணிகளின் தொகை 7 இலட்சத்துக்கு ஏறியது. 2023 இல் ஏறக்குறைய 15 இலட்சம், 2024 இல் 20 இலட்சத்துக்கு மேல். ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் தங்குமிடம் நடத்துவோரின் கையில் காசு நிற்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபா வரை போனது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களில் மட்டும் 94.9 வீதம். மின்சாரக் கட்டணம் 2022 ஒகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் ஏற்றப்பட்டது.

இவ்விரண்டு மந்தங்களுக்கும் மருந்து வேறு வேறு. ஆட்கள் வராத காலத்தில் விலையைக் குறைத்தாலும் ஆட்கள் வரமாட்டார்கள். விமானமே இல்லாதபோது வெளிநாட்டுக்காரருக்கு நீங்கள் பாதி விலைக்கு அறை கொடுத்து என்ன பயன்? அப்போது செய்ய வேண்டியது மாதச் செலவைச் சுருக்குவதும், வேறு வாடிக்கையாளரைத் தேடுவதும். செலவு ஏறும் காலத்தில் விலையைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால், அறை நிரம்ப நிரம்ப நட்டமும் கூடும். அப்போது ஓர் இரவுக்கான செலவை மாதந்தோறும் திருப்பிக் கணக்கிட்டு விலையைத் திருத்த வேண்டும். எந்த மந்தத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் மருந்து குடித்தால் நோய்தான் கூடும்.

ஒரு மாதிரிக் கணக்கு

மூன்று அறைகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கு தரப்படும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட மாதிரிகளே. உங்கள் ஊரின் விலைகளைப் போட்டு நீங்களே கணக்கிட வேண்டும்.

முதலில் மாதச் செலவு. ஒருவரும் வராவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். துப்புரவு வேலைக்கு வருபவரின் சம்பளம், இணைய இணைப்பு, தண்ணீர், குறைந்தபட்ச மின்சாரம், அனுமதிப்பத்திரக் கட்டணங்களில் மாதப் பங்கு, திருத்த வேலைகளுக்கு ஒதுக்கும் தொகை ஆகிய எல்லாம் சேர்த்து 48,000 ரூபா என்போம்.

அடுத்தது இரவுச் செலவு. ஓர் அறையில் இருவர் ஓர் இரவு தங்கினால் மட்டும் வருவது. காலைச் சாப்பாடு 900 ரூபா, சலவையும் சவர்க்காரமும் 400 ரூபா, ஏ.சி.யுடன் மின்சாரம் 500 ரூபா. மொத்தம் 1,800 ரூபா. இணையத்தளம் மூலம் வந்த ஆளானால் அதற்கு 15 வீதம் கமிஷன் என்று வையுங்கள். அறை விலை 6,000 ரூபா என்றால் கமிஷன் 900 ரூபா. ஆக இரவுச் செலவு 2,700 ரூபா.

6,000 இல் 2,700 போக மிஞ்சுவது 3,300 ரூபா. இந்த 3,300 தான் மாதச் செலவை அடைக்க உதவும் காசு. 48,000 ஐ 3,300 ஆல் பிரித்தால் பதினான்கரை வருகிறது. அதாவது மாதத்தில் 15 அறை இரவுகள் விற்றால் கைக்காசு போகாது. மூன்று அறைகளுக்கும் மாதத்தில் மொத்தம் 90 இரவுகள் இருக்கின்றன. ஆறில் ஒரு பங்கு நிரம்பினாலே வீடு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு மேல் வருவதெல்லாம் உங்கள் உழைப்புக்குக் கூலியும் இலாபமும்.

சிறிய தங்குமிடம் மந்தத்தைத் தாங்குவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பாசிக்குடாவில் நூறு அறைகள் உள்ள ஹோட்டலுக்கு முகாமையாளர், சமையற்காரர், காவற்காரர், தோட்டக்காரர், நீச்சல் தடாகம் என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் செலவு ஓடும். உங்கள் வீட்டில் நீங்கள் எப்படியும் குடியிருக்கப் போகிறீர்கள். அந்த வீட்டில் ஓர் அறை சும்மா கிடப்பதால் பெரிய செலவு எதுவும் ஏற்படுவதில்லை. பெரியவருக்கு இல்லாத பலம் இது. இதை நாமாகக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

விலையைக் குறைக்கலாமா?

ஆட்கள் குறைந்தவுடன் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை விலையைக் குறைப்பது. 6,000 ரூபா அறையை 4,500 ஆக்கினால் என்ன நடக்கும்? கமிஷன் 675 ஆகக் குறையும். ஆனால் சாப்பாடும் சலவையும் மின்சாரமும் அப்படியேதான். இரவுச் செலவு 2,475 ரூபா, மிஞ்சுவது 2,025 ரூபா. இப்போது 48,000 ஐ அடைக்க 24 இரவுகள் வேண்டும். முன்னர் 15 போதுமாக இருந்தது. விலையை நூற்றுக்கு 25 குறைத்தீர்கள். அதே இடத்தில் நிற்பதற்கே நூற்றுக்கு 60 கூடுதலாக ஆட்கள் வரவேண்டியிருக்கிறது. மந்த காலத்தில் அந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? போதாததற்கு, உங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் குறைப்பார். கடைசியில் இருவருக்கும் ஆட்கள் அதேயளவுதான், இருவருக்கும் காசு குறைவு.

அதற்காக விலையை இரும்பாகப் பிடித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. வெளியில் எழுதிய விலையைக் கை வைக்காமல், உள்ளே விட்டுக்கொடுக்கலாம். தொலைபேசியில் பேச்சு இப்படி வரும்:

"காக்கா, நீங்க ஆறாயிரம் என்கிறீங்க. பக்கத்தில நாலரைக்குத் தாறாங்களே?"

"தம்பி, ஒரு இரவுக்கு அதுதான் விலை. மூன்று இரவு நின்றா மூன்றாவது இரவுக்குப் பாதி தாங்க. பின்னேரத் தேத்தண்ணி நம்ம கணக்கு."

மூன்றாவது இரவை 3,000 ரூபாவுக்குக் கொடுத்தாலும், இரவுச் செலவும் கமிஷனும் போக 750 ரூபா மிஞ்சும். மூன்று இரவுகளுக்கும் சராசரி பார்த்தால் ஓர் இரவுக்கு 2,450 ரூபா கையில் நிற்கிறது. ஒரேயடியாக 4,500 ஆக்கியிருந்தால் நின்றிருப்பதைவிட இது கூட. அத்துடன் வந்தவர் ஊரில் மூன்று நாள் நிற்பார். ஆட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் துணிக் கடைக்கும் அதில் ஒரு பங்கு போகும்.

அதேபோல் இரவு எட்டு மணிக்கு நேரில் வந்து 4,000 ரூபாதான் இருக்கிறது என்று கேட்பவருக்கு, அறை சும்மா கிடந்தால் கொடுத்துவிடலாம். கமிஷன் இல்லை. 1,800 போக 2,200 ரூபா மிச்சம். எந்த நிலையிலும் 1,800 ரூபாவுக்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. அதற்குக் கீழே போனால் விருந்தாளியை அழைத்து நாமே காசும் கொடுத்து அனுப்புவதாகிவிடும்.

கடனும் பிள்ளையின் வீடும்

மேலே சொன்ன கணக்கில் ஒரு செலவைச் சேர்க்கவில்லை. அது வங்கித் தவணை. அறைகளைக் கட்டக் கடன் எடுத்து மாதம் 60,000 ரூபா தவணை கட்டுவதாக வைத்தால் மாதச் செலவு 1,08,000 ரூபாவாகிறது. 6,000 ரூபா விலையில் 33 இரவுகள் விற்க வேண்டும். பயந்து விலையை 4,500 ஆக்கினால் 54 இரவுகள் வேண்டும். 90 இல் 54. நல்ல காலத்திலேயே எத்தனை வீடுகள் இதை எட்டுகின்றன?

கிழக்கில் இது வெறும் வியாபாரக் கணக்கோடு முடியும் விடயமும் இல்லை. நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குரியது. வெளிநாட்டில் உழைத்தும், கடையில் சேமித்தும், பிள்ளை சிறிதாக இருக்கும்போதே வாப்பா அத்திவாரம் போடுகிறார். கலியாணம் வரும்வரை அந்த வீட்டின் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் அறையை வாடகைக்கு விடுவது கெட்டித்தனம். ஆனால் இன்னும் நான்கு அறைகள் கட்டுவதற்காக அந்த வீட்டின் உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைப்பது வேறு விடயம். தொழில் நட்டப்பட்டால் நட்டம் வாப்பாவோடு நிற்காது; பிள்ளையின் வீட்டுக்குப் போகும்.

ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலத்தில் விற்க 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பராட்டே என்று வர்த்தகர்கள் சொல்வது இதைத்தான். பொருளாதார நெருக்கடியில் சிறு, நடுத்தரத் தொழில்கள் பல தவணை கட்ட முடியாமல் போனபோது, 2024 இல் இது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஏலத்தை நிறுத்தி வைத்தால் கடன் தீர்ந்துவிடாது. அதற்கு முன்னரும், 2019 தாக்குதலுக்குப் பின் சுற்றுலாத்துறைக் கடன்களுக்குச் சலுகைக் காலம் கொடுக்கப்பட்டது, கொரோனாவின்போது நீடிக்கப்பட்டது. தவணைதான் நின்றது, கடன் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் இஸ்லாமிய வங்கி முறையை நாடுகிறார்கள். அது நல்ல விடயம். எனினும் அங்கும் மாதத் தவணை உண்டு, அங்கும் சொத்து ஈடாக வைக்கப்படலாம். ஆட்கள் வராத மாதத்தில் அந்தத் தவணையை எங்கிருந்து கட்டுவது என்ற கேள்வி அங்கும் இருக்கிறது.

ஆகவே ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். இருப்பதைக் கொண்டு ஆரம்பியுங்கள். ஓர் அறையில் ஆரம்பித்து, அதில் மிஞ்சிய காசைக் கொண்டு இரண்டாவது அறையைத் திருத்துங்கள். கடன் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், தங்குமிடத்தில் ஒரு சதமும் வராத ஆறு மாதத்துக்கு உங்கள் கடையோ சம்பளமோ தவணையைக் கட்டுமா என்று பாருங்கள். கட்டாது என்றால் அந்தக் கடன் உங்களுக்குரியது அல்ல.

உலகத்தில் இத்தொழில் மந்த காலத்தில் வளர்ந்ததும் இப்படித்தான். 1930 களின் பெரும் மந்தத்தில் அமெரிக்காவில் பெருந்தெருக்களை அண்டி வாழ்ந்த குடும்பங்கள் பல, வீட்டில் மிஞ்சியிருந்த அறைகளைப் பிரயாணிகளுக்கு இரவு வாடகைக்கு விட்டுச் சீவியத்தை ஓட்டின. நம் காலத்தில், 2007 இல், சான் பிரான்சிஸ்கோ நகரில் வீட்டு வாடகை கட்ட வழியில்லாத இரண்டு இளைஞர்கள், நகரில் ஒரு மாநாடு நடந்து ஹோட்டல்கள் நிரம்பியிருந்த சமயம் பார்த்து, காற்றடைத்த மூன்று மெத்தைகளைத் தங்கள் அறையில் போட்டுக் காலைச் சாப்பாட்டுடன் வாடகைக்கு விட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த எயார் பிஎன்பி நிறுவனம். அது கம்பனியாக உருவெடுத்த 2008, உலக நிதி நெருக்கடி வெடித்த ஆண்டு. அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. இருந்த அறையில் மெத்தை போட்டார்கள்.

ஆண்டு முழுவதும் யார் வருவார்கள்?

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் இருந்து மாரி மழை. வெளிநாட்டுப் பிரயாணியை மட்டும் நம்பினால் ஆண்டில் ஐந்து மாத வியாபாரம்தான். மாதிரிக் கணக்கின்படி கடனில்லாத வீட்டுக்கு ஆண்டுக்கு 175 இரவுகள் வேண்டும். பருவ காலத்தில் மாதம் 25 வீதம் 125 இரவுகள் விற்றுவிட்டால், மீதி ஏழு மாதத்தில் 50 இரவுகள் போதும். மாதத்துக்கு ஏழு. அந்த ஏழு இரவுகளுக்கு ஆளை ஊருக்குள்ளேயே தேடலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத் தூரத்து ஊர்களிலிருந்து நோயாளியைக் கொண்டுவருபவர்களின் உறவினர்கள் எங்கே தங்குகிறார்கள்? வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கவும், பட்டமளிப்புக்கும் வரும் பெற்றோர்கள் எங்கே தங்குகிறார்கள்? கொழும்புக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், கணக்குப் பார்க்க வரும் உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், கலியாணத்துக்கு வரும் சொந்தங்கள், மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஆடி அமாவாசையில் வரும் பக்தர்கள், மருதமுனைக்குக் கைத்தறி வாங்க வரும் வியாபாரிகள் என்று வாவியின் இரு கரையிலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இவர்கள் படம் பார்த்து அறை எடுப்பவர்கள் அல்லர். தெரிந்தவர் சொல்லி வருபவர்கள். ஆகவே வைத்தியசாலைக்கு எதிரே உள்ள மருந்துக் கடையிலும், புகையிரத நிலைய ஆட்டோத் தரிப்பிடத்திலும், உங்களுக்குப் பொருள் தரும் கம்பனிப் பிரதிநிதியிடமும் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும்.

2022 இல் எரிபொருள் கியூ.ஆர். முறையில் அளந்து கொடுக்கப்பட்ட நாட்களை மறக்க வேண்டாம். வேனில் வருபவரை மட்டும் நம்பிய இடங்களுக்கு அது பெரிய அடி. கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் புகையிரதம் இருக்கிறது. புகையிரதத்தில் வருபவரை நிலையத்திலிருந்து கூட்டிவர ஒரு நம்பிக்கையான ஆட்டோக்காரரைப் பேசி வைத்திருந்தால், காரில்லாத வாடிக்கையாளரும் உங்கள் வாடிக்கையாளரே.

காலைச் சாப்பாடு

வந்தவர் ஊருக்குத் திரும்பிய பின் அறையை மறந்துவிடுவார். சாப்பாட்டை மறக்கமாட்டார். ஆனால் பாணும் ஜாமும் முட்டையும் வைத்தால் அவர் நினைவில் எதுவும் நிற்காது; இறக்குமதிப் பொருளாக இருந்தால் செலவும் கூட. இடியப்பம், சொதி, சம்பல், ஒரு மீன் கறி, மட்டக்களப்பு எருமைத் தயிர் ஒரு கோப்பை, ஒரு கதலி வாழைப்பழம். இதில் டொலர் ஏறினால் நேராக ஏறும் பொருள் அதிகமில்லை.

சமையலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதை முடிந்தவரை தவிருங்கள். ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் காலை ஆறரைக்குச் சூடாகக் கிடைக்கும். ஆள் வந்த நாளில் மட்டும் காசு. மாதச் செலவாக இருந்தது இரவுச் செலவாக மாறுகிறது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரு வருமானம். சாப்பாடு வேண்டாம் என்பவருக்கு அதற்குரிய தொகையைக் குறைத்துக் கொடுங்கள்; நோயாளி பார்க்க வருபவர்கள் அதிகாலையிலேயே போய்விடுவார்கள். ரமழானில் நோன்பில்லாத விருந்தாளிக்குக் காலைச் சாப்பாடு தவறாமல் கிடைக்க வேண்டும். நோன்பாளிக்கு அதே சாப்பாட்டை ஸஹர் நேரத்தில் கொடுங்கள்.

மின்சாரம்

வீட்டு மின்கட்டணத்தில் அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. விருந்தாளி அறையின் ஏ.சி.யும் குடும்பத்தின் மின்சாரமும் ஒரே மானியில் ஓடினால், விருந்தாளியால் உங்கள் வீட்டுப் பாவனையும் மேல் படிக்குப் போய்விடும். எந்தச் செலவு யாருடையது என்றும் தெரியாது. அறைகளுக்கு வேறு மானி எடுக்கலாமா, எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் கேட்டறியுங்கள். அதுவரை ஒரு துணை மானியாவது பூட்டி, மாதந்தோறும் அளவைக் குறித்து வையுங்கள்.

ஏ.சி. அறைக்கு ஒரு விலை, மின்விசிறி அறைக்கு ஒரு விலை என்று இரண்டாகச் சொல்வது நம் நாட்டில் பழக்கமான முறை. மந்த காலத்தில் இது மிகவும் பயன்படும். அறையின் மதிப்பைக் குறைக்காமலே குறைந்த விலையில் ஒன்றைக் கொடுக்க முடிகிறது. வாவிக் காற்று வரும் பக்கம் ஜன்னலும் நல்ல நுளம்பு வலையும் இருந்தால், மழைக் காலத்தில் பலர் மின்விசிறி அறையையே கேட்பார்கள்.

கமிஷனும் பதிவும்

இணையத்தளங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரியாத ஆள் உங்களைத் தேடி வருவது அவற்றால்தான். அந்த முதலாவது வருகைக்குக் கமிஷன் கொடுப்பது நியாயம். அதே ஆள் அடுத்த முறை வரும்போதும் கமிஷன் கொடுத்தால் அது நம் கவனக்குறைவு. போகும்போது ஓர் அட்டையில் தொலைபேசி இலக்கத்தையும் வட்ஸ்அப் இலக்கத்தையும் கொடுங்கள். நேரடியாக வந்தால் 6,000 ரூபாவில் 4,200 மிஞ்சும். இணையத்தளத்தால் வந்தால் 3,300. அந்த 900 ரூபா வித்தியாசத்தில் பாதியை வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுக்கலாம். ஏற்கனவே இணையத்தளத்தில் பதிந்துவிட்டவரை ரத்துச் செய்யச் சொல்லி நேரடியாக அழைப்பது மட்டும் கூடாது. அது ஒப்பந்தத்தை மீறுவது.

பதிவுகளைச் சரியாகச் செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு ஆகிய மூன்றையும் பாருங்கள். கெஸ்ட் ஹவுஸ், ஹோம் ஸ்டே என்று அதிகார சபையில் தனித்தனி வகைகள் இருக்கின்றன. உங்கள் வீடு எதில் அடங்கும் என்று கேட்டே விண்ணப்பியுங்கள். நெருக்கடிக் காலத்தில் சலுகைகள் வரும்போது பதிவில் இருப்பவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். வருபவரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு விபரத்தைப் புத்தகத்தில் பதிந்து வைப்பது உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

வீட்டின் ஒழுங்கும் பெயரும்

குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அந்நியர் தங்குவது நம் சமூகத்தில் பலருக்குத் தயக்கமான விடயம். அது நியாயமான தயக்கமே. வெளிப்படிக்கட்டு, தனி வாசல், வீட்டுப் பெண்கள் வெளியே வராமலே சாப்பாட்டை வைக்க ஒரு இடைவழி ஆகியவை இருந்தால் பெரும்பாலான சிக்கல் தீரும். அவற்றைச் செய்ய முடியாத வீட்டில் இத்தொழிலைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

மதுபானம் அனுமதியில்லை என்றால் அதை அறை எடுக்கும் முன்பே, விலையோடு சேர்த்து எழுதிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் சண்டை. முன்பே சொன்னால் அது ஒரு விளம்பரம். குடும்பத்தோடு வருபவர்கள் பலர், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், அப்படிப்பட்ட அமைதியான இடத்தைத்தான் தேடுகிறார்கள். ஹலால் சாப்பாடு, தொழுகைக்குத் திசைக் குறி, கழிவறையில் கழுவத் தண்ணீர் வசதி ஆகியவை முஸ்லிம் பிரயாணிக்குப் பெரிய ஆறுதல். நமக்குச் செலவே இல்லை.

2019 இன் பின் ஒருவருக்கொருவர் கடைக்குப் போகவே தயங்கிய நாட்களை இப்பகுதி கண்டது. தங்குமிடம் நடத்துபவரிடம் ஒருவர் இரவு முழுவதும் தன் உயிரையும் பொருளையும் நம்பி ஒப்படைக்கிறார். ஒரு தமிழ்க் குடும்பமோ சிங்களக் குடும்பமோ உங்கள் வீட்டில் ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனால், அவர்கள் ஊரில் போய்ச் சொல்லும் வார்த்தை பத்து விளம்பரத்துக்குச் சமன். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். மந்த காலத்தில் மற்ற எல்லா முதலும் கரையலாம். இந்த முதல் கரையாமல் இருந்தால் ஆட்கள் திரும்பி வரும் காலத்தில் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

ஒரு கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில், ஒருவரும் வராவிட்டாலும் மாதம் போகும் செலவுகளை எழுதிக் கூட்டுங்கள். இரண்டாவது பக்கத்தில், ஒருவர் ஓர் இரவு தங்கினால் மட்டும் வரும் செலவுகளை எழுதுங்கள். விலையிலிருந்து இரண்டாவது தொகையைக் கழித்து, மிஞ்சுவதால் முதலாவது தொகையைப் பிரியுங்கள். வருவதுதான் உங்கள் மாத இலக்கு. அதைக் கடந்த பன்னிரண்டு மாதங்களில் உண்மையில் விற்ற இரவுகளோடு ஒப்பிடுங்கள்.

இலக்கைவிட விற்றது கூடவாக இருந்தால் அறையைத் திருத்தலாம், பொறுமையாக வளரலாம். குறைவாக இருந்தால் முதல் பக்கத்தில் எந்த வரியை இரண்டாவது பக்கத்துக்கு மாற்றலாம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சம்பளத்தை நாட்கூலியாக்கலாமா? சமையலை வெளியே கொடுக்கலாமா? ஓர் அறையை மாத வாடகைக்கு ஒரு ஆசிரியைக்கோ வைத்தியருக்கோ விடலாமா? அதற்குப் பிறகும் வராவிட்டால், அறையைப் பூட்டி வைத்துவிட்டுக் கடையைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடனில்லாமல் பூட்டிய அறையை அடுத்த பருவத்தில் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். உறுதி வங்கியில் இருக்கும் அறைக்கு அந்த வசதி இல்லை.